பதினோராயிரத்துச் சொச்சம்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நேற்றே எல்லோரும் பார்த்தாயிற்று. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. ஆமாம், அது என் ஸ்கிரீன்தான். ஆமாம், மெயில் டேபில் தெரிந்த, நான் திறக்காத மெயில்களின் எண்ணிக்கை 11,482தான். வெட்டி ஒட்டிய படம் இல்லை. "யாரோ எடிட் பண்ணியிருப்பாங்க அக்கா" என்று எனக்காகச் சண்டை போட்ட இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. உங்கள் வாதத்தை நானே கவிழ்த்துவிட்டேன், மன்னியுங்கள்.

நான் அப்போது காட்டிக்கொண்டிருந்தது ஒரு அட்டவணை. மூன்று நாள் உட்கார்ந்து போட்டது. முப்பது பேர் இருந்த மீட்டிங்கில், ஸ்கிரீன்ஷாட் எடுத்த அந்த நண்பருக்கு மட்டும் அட்டவணை கண்ணில் படவில்லை. மேலே ஓரத்தில், நகக்கண் அளவு டேபில், அடைப்புக்குறிக்குள் இருந்த எண் பட்டிருக்கிறது. அதைப் படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு, "இன்பாக்ஸே இப்படின்னா வீடு எப்படி இருக்கும்?" என்று எழுதிப் பதிவாகவும் போட்டுவிட்டார். கீழே அறிவுரை வேறு. தினமும் தூங்கப்போகும் முன் இன்பாக்ஸை சைபர் ஆக்கிவிட வேண்டுமாம். அதுதான் ஒழுக்கமாம்.

ஹாஹா போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர் பெயராகப் பார்த்தேன். இருக்கட்டும்.

கோபத்தில் எழுதக் கூடாது என்று ஒரு ராத்திரி ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. திறக்காத மெயில் என்றால் செய்யாத வேலை என்று அர்த்தம் இல்லை.

அந்த 11,482இல் என்ன இருக்கிறது என்று நேற்று இறங்கிப் பார்த்தேன். "உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது." "உங்கள் பார்சல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது." "உங்கள் பார்சல் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?" புதிய கருவியில் லாகின் செய்திருக்கிறீர்கள், அது நீங்கள்தானா? நான்தான். யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் என்று ஒரு மெயில், அதற்கு "ரிப்ளை ஆல்" போட்டு நாற்பது பேர் வாழ்த்து, அந்த நாற்பது பேருக்கும் அவர் தனித்தனியாக, ஆனால் எல்லோருக்கும் போகும்படி, நன்றி. அப்புறம் அலுவலக மென்பொருள் அனுப்புவது. எவரோ ஓர் ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட அதற்கு ஒரு மெயில் வரும். இவை எல்லாவற்றிலும் விஷயம் தலைப்பு வரியிலேயே முடிந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தாயிற்று, புரிந்தாயிற்று. இதற்கு மேல் எதற்குத் திறக்க வேண்டும்? கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து மடித்து வைத்தால்தான் நல்ல குடும்பமா?

இந்தத் தொல்லை நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1978இல் கேரி துர்க் என்ற கணினி விற்பனைக்காரர், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே மூச்சில் அனுப்பினார். அந்த 400 பேரில் யாரும் கேட்டு வாங்கவில்லை. அன்றைக்கே திட்டு வாங்கியது அனுப்பியவர். இன்றைக்கு என்னவோ வாங்கியவள் தலை குனிய வேண்டியிருக்கிறது.

அந்த நண்பருக்கு இந்த சைபர் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நானும் அந்தக் காலத்து ஆள்தானே. ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்த காலம், யாஹூ 4 எம்பி. யாராவது இரண்டு போட்டோ அனுப்பினால் பெட்டி நிரம்பி, அடுத்து வருவதெல்லாம் திரும்பிப் போய்விடும். அழித்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் 1 ஜிபி தருகிறோம் என்றபோது பலர் ஏப்ரல் ஃபூல் வேலை என்றே நினைத்தார்கள். அன்றோடு அழிக்கும் கட்டாயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இல்லாத நெருக்கடிக்கு இன்னமும் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இன்பாக்ஸ் ஸீரோ" என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் மெர்லின் மான். 2007இல் கூகுள் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசவும் செய்தார். அவர் சொன்ன சைபர் மெயில்களின் எண்ணிக்கை இல்லை ஐயா! உங்கள் மூளையில் எவ்வளவு அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கிடக்கிறது என்பதைத்தான் அவர் சைபர் ஆக்கச் சொன்னார். அதை நம் ஆட்கள் எண்ணிக்கை விளையாட்டாக மாற்றி, ராத்திரி பதினோரு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு அழித்துக்கொண்டிருக்கிறார்கள். மூளை முழுக்க எங்கே இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.

"நீ முயற்சி பண்ணிப் பாத்திருக்கியா? முடியாததால பேசுற" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். முயற்சியா? நான் அந்த மதத்தில் பூசாரியாகவே இருந்தவள். 37 ஃபோல்டர் வைத்திருந்தேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் வருடம், வருடத்துக்குள் மாதம். ஒரு மெயில் வந்தால் படிக்க எடுக்கும் நேரத்தைவிட அதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் நேரம் கூடுதல். தேடும்போது எங்கே வைத்தேன் என்பது நிச்சயம் நினைவிருக்காது. 2011இல் ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் 345 பேர் பழைய மெயிலை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று கவனித்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தேடல் பெட்டியில் தட்டியபோது சராசரியாக 17 நொடி. ஃபோல்டர் வழியே போனபோது ஏறக்குறைய ஒரு நிமிடம். பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்ததால் கண்டுபிடிப்பதில் ஆதாயமும் இல்லை. என் 37 ஃபோல்டருக்கு அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் அதைப் படித்து முடித்தேன்.

ஆனால் நான் அந்த மதத்தை விட்டது ஆராய்ச்சியால் இல்லை.

அந்தப் பூசாரிக் காலத்தில் ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். தள்ளுபடி, இலவசம், சலுகை. இந்த மூன்றில் எந்தச் சொல் இருந்தாலும் மெயில் நேராக ட்ராஷுக்குப் போகும். முப்பது நாளில் அங்கிருந்தும் தானாக அழிந்துவிடும். பெருமையாக இருந்தது, நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு தோழி பேச்சுவாக்கில் சொன்னாள், "அவளுக்கு உன் மேல வருத்தம்டி, கேட்டதுக்குப் பதில்கூடப் போடலையாம்." அவள் என்றால் கல்லூரியில் என்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள். உடனே போன் செய்தேன். ஒன்றும் சொல்லாமல், தான் அனுப்பிய மெயிலையே திரும்ப ஃபார்வர்ட் செய்தாள். தலைப்பு, "கட்டணச் சலுகை தொடர்பாக". மகள் படிப்புக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம் போடுகிறாள், தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், உன்னைத் தவிர யாரிடமும் கேட்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாள். கடைசித் தேதி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

"பரவால்லப்பா, விடு" என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு என் இன்பாக்ஸ் சைபர். பளபளவென்று இருந்தது.

அதற்கப்புறம் என் ஃபில்டர் எதற்கும் அழிக்கும் அதிகாரம் கிடையாது. தள்ளி வைக்கலாம், அழிக்கக் கூடாது. என் பெயர் சிசியில், அதாவது நகல் போகும் வரிசையில், மட்டும் இருப்பவை தனி லேபிளுக்குப் போகும், வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பார்வை. எனக்கென்றே வந்தவை மட்டும் முன்னால் நிற்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தடவை பார்ப்பேன், போனில் நோட்டிஃபிகேஷன் கிடையாது. (2015இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. எனக்கும் குறைந்தது, நேற்று வரைக்கும்.) பதில் போட வேண்டியதற்கு நட்சத்திரம், போட்டதும் நட்சத்திரத்தை எடுத்துவிடுவேன். பிறந்தநாள் வாழ்த்து மாதிரிச் சங்கிலிகளுக்கு மியூட். கேட்காமல் வரும் விளம்பரத்துக்கு அன்சப்ஸ்கிரைப், அதுவும் இப்போது சுலபமாகிவிட்டது. மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளைக்குள் நிறுத்தவும் வேண்டும் என்று 2024இல் கூகுளும் யாஹூவும் விதி போட்டுவிட்டன. அவ்வளவுதான் என் வித்தை.

இப்போது, இதை எழுதும்போது, நட்சத்திரம் 6. நான் பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் ஆறு பேர். கேட்பதென்றால் அந்த எண்ணைக் கேளுங்கள். 11,482 என்பது உலகம் என் மேல் கொட்டியது, 6தான் என் கடன். திறக்காத மெயில் செய்யாத வேலை இல்லை, இல்லை, இல்லை.

"எல்லாத்தையும் செலக்ட் பண்ணி மார்க் ஆஸ் ரீட் போட்டா ரெண்டு நிமிஷம், இதுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று வரப்போகிறீர்கள். போடலாம். போட மாட்டேன். படிக்காததைப் படித்ததாகச் சொல்லி யாரிடம் நல்ல பெயர் வாங்க?

"இடம் நிரம்பிடுமே?" ஜிமெயில் இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதில் கூகுள் டிரைவும் போட்டோக்களும் பங்கு கேட்கும், உண்மைதான். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று போடுங்கள். 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும். இருபதை அழித்தால் போதும். இரண்டாயிரம் பார்சல் செய்திகளை அழித்தாலும் அந்த இடம் கிடைக்காது.

"அந்தக் குவியல்ல முக்கியமானது ஒண்ணு மாட்டிக்கிட்டா?" மாட்டியிருக்கிறது. போன வருடம் ஒரு புதுப்பித்தல் நினைவூட்டலைத் தவறவிட்டு அபராதம் கட்டினேன். ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வி.

அடுத்த கேள்வியை அந்த நண்பரே கமெண்டில் கேட்டிருக்கிறார். "என் மெயிலுக்கும் மேடம் பதில் போடலை, இப்பதான் காரணம் தெரியுது." சரி என்று என்னுடைய குப்பைமேட்டில் அவர் பெயரைத் தட்டினேன். நாலு நொடி ஆயிற்று. 6ஆம் தேதி இரவு 11.10க்கு அவர் மெயில், பத்தொன்பது பேருக்கு. 7ஆம் தேதி காலை 9.25க்கு என் பதில், அவருக்கு மட்டும், கேட்ட கோப்போடு. நான் போட்ட பதில் அவருடைய சுத்தமான பெட்டியில் எந்த ராத்திரி சைபருக்குப் பலியானதோ. தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அழித்திருந்தால் சொல்லட்டும், என்னிடம் இருக்கிறது, மறுபடி அனுப்புகிறேன்.

இத்தோடு விட்டிருப்பேன். வீட்டை இழுத்திருக்க வேண்டாம்.

அதே மீட்டிங்கில் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஸ்கிரீன் காட்டினார்கள். இரண்டு பேரும் ஆண்கள். ஒருவர் டெஸ்க்டாப்பில் பின்னணிப் படமே தெரியவில்லை, அவ்வளவு ஐகான். "நியூ ஃபோல்டர் 14" என்று ஒன்றை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் வீடு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கணினி உலகின் பெரிய மேதைகளில் ஒருவர் டொனால்ட் நூத். 1990 ஜனவரி 1 முதல் தனக்கு மின்னஞ்சல் முகவரியே இல்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதி வைத்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லாம் "ஆகா, என்ன கவனக்குவிப்பு!" என்றார்கள். அவர் சமையலறையை யாரும் விசாரிக்கவில்லை. நான் திறக்காமல் விட்டால் சோம்பல், அவர் முகவரியே இல்லாமல் இருந்தால் தவம்.

சிரித்தீர்களே, அதில் ஐந்தாறு பேர் பெண்கள். உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

நேற்று ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு மணிக்கு சோபாவில் கிடந்த துணியை எல்லாம் மடித்து வைத்தேன். டீப்பாயைத் துடைத்தேன். செருப்புகளை ஜோடி ஜோடியாகத் திருப்பி வைத்தேன். இரண்டு விளக்கையும் போட்டு, மூலையில் நின்று போனைத் தூக்கினேன், "பாருங்கள், வீடு இப்படித்தான் இருக்கிறது" என்று படம் போட. திரையில் என் கூடம் எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. யாருக்கு இதை நிரூபிக்கிறேன்? விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்கவில்லை. அதனால்தான் இங்கே படம் இல்லாமல் இவ்வளவு எழுத்து.

பதிவை எடுக்கச் சொல்லி அவரிடம் கேட்கமாட்டேன். இருக்கட்டும், வட்டம் நன்றாகவே போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மறுபடி மீட்டிங். அதே அட்டவணையின் அடுத்த பாகம், காட்டப்போவதும் நான்தான். மெயில் டேபை மூடிவிட்டு வரும்படி ஒரு தோழி ரகசியமாகச் சொன்னாள். மூட மாட்டேன். அதற்குள் 11,500 தாண்டியிருக்கும்.