டோரியன் கிரே பற்றி ஒரு திருத்தம்

ஆஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரே' நாவலில் ஓர்பால் ஈர்ப்பே இல்லை, அது இன்றைய வாசகர்கள் ஏற்றிச் சொல்வது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1890இல் பத்திரிகையில் வந்த வடிவத்தைப் பாருங்கள். நண்பனிடம் ஓர் ஆண் வழக்கமாகக் காட்டுவதைவிட அதிகமான காதலுணர்வோடு உன்னை ஆராதித்தேன் என்று ஓவியர் பேசில் டோரியனிடமே சொல்கிறார். அதுவும் பத்திரிகை ஆசிரியர் ஸ்டோடார்ட் சுமார் 500 சொற்களை வெட்டிய பிறகு!

1891இல் புத்தகமாக்கியபோது வைல்டே அந்த வரியை எடுத்துவிட்டு, கலை லட்சியம் என்கிற மாதிரி மாற்றிவிட்டார். நீங்கள் படித்தது அநேகமாக இதுதான். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதும் இதுதான். தன்மீது ஓர்பால் உறவுக் குற்றம் சுமத்தியவர்மீது வைல்ட் தொடுத்த 1895 அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கார்சன் கோர்ட்டில் வாசித்துக் காட்டியதோ அந்தப் பழைய வரியை. அது கலைஞனின் உணர்வு மட்டுமே என்று வைல்ட் அங்கே மறுத்தார், சரி. ஆண்களுக்கிடையேயான உறவு அன்று சட்டப்படி குற்றம்; கூண்டில் நின்றுகொண்டு வேறென்ன சொல்வார்?