நாக் அவுட் செய்தவர் மேவெதர் அல்ல
கோத்தகிரி அண்ணா, ‘மேவெதர் நாக் அவுட் செய்த பாக்கியாவோவுக்கு மறுபோட்டி எதற்கு?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2015 மே மாதம் லாஸ் வேகாஸில் அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவோவும் மோதிய குத்துச்சண்டையில் பன்னிரண்டு சுற்றுகளும் முழுதாக நடந்தன. மூன்று நடுவர்கள் தந்த 118-110, 116-112, 116-112 என்ற புள்ளிகளில்தான் மேவெதர் வென்றார். நமக்கு அது ஞாயிறு காலை. குன்னூர்க் குளிரில் தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் கடைசி மணிவரை பார்த்தவன் நான். பாக்கியாவோ ஒருமுறைகூடக் கீழே விழவில்லை.

நீங்கள் நினைப்பது 2012 டிசம்பராக இருக்கும். ஆறாவது சுற்றில் அவரை முகங்குப்புற வீழ்த்தியவர் மெக்சிகோவின் மார்க்கெஸ்.

பாக்கியாவோ எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர், 2025-இல் 46 வயதில் அமெரிக்க வீரர் பாரியோஸுடன் சமன் செய்தவர். மறுபோட்டி எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் அதற்கு இருவரின் வயதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.