எட்வர்ட் கார்வின் வழக்கறிஞர் அல்லர்

அமெரிக்க அரசமைப்பு அறிஞர் எட்வர்ட் கார்வின் நீதிமன்றத்தில் வாதாடிய பின்னரே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார் என்று சொல்லப்படுவதை அன்புகூர்ந்து திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவர் படித்துப் பெற்றது சட்டப் பட்டமன்று. 1905இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழங்கிய வரலாற்று முனைவர் பட்டம். அதே ஆண்டில், அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவரும் பின்னாளில் அமெரிக்க அதிபரானவருமான உட்ரோ வில்சன் அவரைப் பிரின்ஸ்டனில் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அங்கே அரசியல் துறையின் முதல் தலைவராகவும் விளங்கினார்.

1610ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த பான்ஹாம் வழக்கில், பொதுச் சட்டத்தின் (நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான ஆங்கிலேயச் சட்டத்தின்) நியாயத்துக்கு முரணான நாடாளுமன்றச் சட்டம் செல்லாது என்று நீதிபதி எட்வர்ட் கோக் எழுதிய கருத்து அமெரிக்க அரசமைப்புச் சிந்தனைக்குள் வந்த வழியை, ஹார்வர்ட் சட்ட இதழின் 42ஆம் தொகுதியில் கார்வின் விரிவாக ஆராய்ந்ததால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம். வழக்குகளை வரலாற்றாசிரியரின் கண்கொண்டு படித்ததே அவருடைய தனிச்சிறப்பு என்பது என் துணிபு. பிரின்ஸ்டன் நூலக இணையதளத்தில் அவருடைய ஆவணத் தொகுப்புக்கான வாழ்க்கைக் குறிப்பைப் படித்து, அவருடைய கல்வி விவரங்களை எவரும் சரிபார்க்கலாம்.