ஜோடியை நடுவில் வெட்டாதீர்கள்

மலேசியப் பூப்பந்து (பேட்மிண்டன்) வீராங்கனை தீனா முரளிதரன் ஒவ்வொரு முறை வெல்லும்போதும் என் முகநூல் பக்கம் முழுக்க அவர் படம்தான். மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படங்கள் பலவற்றில் ஒன்று கண்ணை உறுத்துகிறது. பக்கத்தில் நின்ற இரட்டையர் கூட்டாளி பெர்லி டானை வெட்டி எடுத்திருப்பார்கள். தீனாவின் தோளில் பெர்லியின் விரல்கள் மட்டும் மிச்சம் இருக்கும். மேலே "நம்ம தமிழ்ப் பொண்ணு சாதிச்சிட்டா" என்று எழுதியிருப்பார்கள்.

பெருமைப்படுவதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பூப்பந்து வீரர் ஜேம்ஸ் செல்வராஜ் ஆடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 2019 சீ விளையாட்டில் (தென்கிழக்காசியப் போட்டி) கிசோனா பூப்பந்து ஒற்றையர் தங்கம் வாங்கியபோது நானும்தான் துள்ளினேன். நாட்டுக்காக ஆடும் பூப்பந்து அணியில் நம் பெயர் ஒன்று கேட்டால் மனம் நிறைகிறது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தீனா இரட்டையர் ஆட்டக்காரர். ஜோடியை வெட்டினால் அவர் செய்த வேலையையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். பெண்களில் உலகிலேயே வேகமான ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடி) என்று 2023இல் கின்னஸ் பதிவு செய்தது பெர்லியின் அடியைத்தான், மணிக்கு 438 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு. போட்டியில் அப்படி அடிக்க வேண்டுமானால் ஷட்டில் மேலே எழும்பி வர வேண்டும், எதிராளி அதைத் தூக்கித் தர வேண்டும். தூக்கித் தருவதைத் தவிர வேறு வழியில்லாமல் எதிராளியை மடக்குவது, பெரும்பாலும் நெட் அருகே நிற்பவர்தான். பெர்லி பின்னாலிருந்து அடிக்கும்போது தீனா முன்னால் நின்று, திரும்பி வரும் ஷட்டில் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்து ராக்கெட்டை நீட்டியிருப்பார். அவர் தொடாத ஷட்டிலுக்கும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் அங்கே நிற்கிறார் என்பதாலேயே எதிராளி அந்த வழியை விட்டு வேறு வழியில் அடிக்கிறார். இது எந்தப் புள்ளிப் பட்டியலிலும் வராது. தொலைக்காட்சி மறு ஒளிபரப்பிலும் கடைசி அடியை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

தற்காப்பு இன்னும் கடினம். 2024 மலேசிய மாஸ்டர்ஸில் ஜப்பான் ஜோடிக்கு எதிராக ஒரே ஒரு புள்ளிக்கு 211 அடிகள் ஓடியது நினைவிருக்கிறதா? இருவரும் பக்கம் பக்கமாக நின்று தடுப்பது, வாய்ப்பு கிடைத்த நொடியில் முன்னும் பின்னுமாகப் பிரிவது, மறுபடி சேர்வது. அந்த நேரத்தில் பேச முடியாது. நடுவில் வருகிற ஷட்டில் யாருடையது என்பது பேச்சே இல்லாமல் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒன்றாகத் தோற்று, ஒன்றாக விமானம் ஏறினால்தான் அது கைகூடும்.

இரட்டையர் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை முழுவதுமே இப்படித்தான் இன்னொருவரோடு பிணைந்திருக்கிறது. உலகத் தரவரிசை ஜோடிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. கூட்டாளிக்கு முழங்கால் போனால் உங்கள் சீசனும் போச்சு. கூட்டாளி ஓய்வு பெற்றால் நீங்கள் புது ஜோடியோடு அடியிலிருந்து ஏற வேண்டும். சீனாவின் ஃபூ ஹைஃபெங் 2012 ஒலிம்பிக்கில் சாய் யுன்னோடும், 2016இல் ஷாங் நானோடும் தங்கம் வென்றார். இரண்டு வெவ்வேறு மனிதர்களோடு இரண்டு முறை உச்சிக்குப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

காசு விஷயத்துக்கும் வருவோம். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் பெரிய போட்டிகளில் ஒற்றையர் வெற்றியாளருக்கு மொத்தப் பரிசில் 7 விழுக்காடு. இரட்டையர் வெற்றியாளருக்கு 7.4 விழுக்காடு, அதுவும் இருவருக்கும் சேர்த்து. 2025 மலேசியப் பொதுப் போட்டியில் மொத்தப் பரிசு 14 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர். ஒற்றையரில் வென்றவருக்கு 1,01,500 டாலர் என்றால் இரட்டையரில் ஆளுக்கு 53,650. அதே கோர்ட், அதே வியர்வை, கிட்டத்தட்ட பாதிக் காசு. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தேசியப் பூப்பந்துச் சங்கத்தோடு பெர்லி, தீனா இருவரின் ஒப்பந்தப் பேச்சும் 2024 கடைசியில் இழுபறியானபோது "காசுக்கு ஆசைப்படுகிறார்கள்" என்று சிலர் எழுதினார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்கள் எழுதியிருக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் நான்காவதாக வந்தார்கள். அரையிறுதியில் சீன ஜோடியிடம் தோல்வி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடா ஜோடியிடம் தோல்வி. நம் நாட்டில் ஒலிம்பிக் வெண்கலத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஊக்கத்தொகையும் மாதம் 2,000 வெள்ளியும் உண்டு. நான்காம் இடத்துக்கு அது கிடையாது. அப்படியும் மறு ஆண்டே அதே பாரிஸில் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி வரை போய் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையர் ஜோடி ஒன்று அந்த இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை.

இதை எல்லாம் இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் நாங்கள் ஆடும் மண்டபத்துக்கு மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவரும் தம்பி ஒருவர் போன வாரம் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, கோச் பிள்ளையை டபுள்ஸுக்கு மாத்தச் சொல்லிட்டாரு. சிங்கிள்ஸுக்கு லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலேசியா ஒலிம்பிக் பூப்பந்தில் இதுவரை வாங்கியவை 11 பதக்கங்கள். அவற்றில் 6 இரட்டையர் வாங்கியவை. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே 1992இல் ராசிஃப், ஜலானி சிடேக் ஜோடி கொண்டுவந்ததுதான். உலக வெற்றியாளர் பட்டம் 2022இல் ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடிக்கு, அப்புறம் 2025 மெர்டேக்கா (சுதந்திர) நாளன்று சென் டாங் ஜீ, தோ ஈ வெய் ஜோடிக்கு. இரண்டுமே இரட்டையர். ஒற்றையரில் லீ சோங் வெய் போன்ற மாமேதைக்கே அந்தப் பட்டம் கிட்டவில்லை. இப்படிப்பட்ட நாட்டில் இரட்டையர் ஆட்டத்தை இரண்டாம் தரம் என்று ஒரு பிள்ளையின் காதில் விழும்படி நாம் சொல்லலாமா?

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான். கோச்சிடம் போய் "ஏன்" என்று கேளுங்கள். நெட் அருகே கை வேகமாக இருக்கிறதா, சர்வீஸ் போட்டதும் மூன்றாவது அடிக்குத் தயாராகிறாளா, கூட்டாளி தவறு செய்தால் முகம் சுளிக்காமல் அடுத்த புள்ளிக்கு நிற்கிறாளா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தயங்காமல் விடுங்கள். அவளோடு ஆடப்போகும் பிள்ளை யார், அவள் வீட்டில் யார் யார் என்று விசாரித்து, ஒரு நாள் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுங்கள். ஜனவரியில் மலேசியப் பொதுப் போட்டி புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வரும்போது இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய்விடுங்கள். பெண்கள் இரட்டையர் ஆட்டம் எந்தக் கோர்ட்டில் என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.