மேசையைத் தட்டினால் தலைவரா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் பந்தியில் அந்த அண்ணன் நம் தென்னாப்பிரிக்கத் தலைவர்களுக்கு மார்க் மாதிரி நட்சத்திரம் போட்ட கதை இந்நேரம் எங்கள் டொங்காட் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். முன்னாள் அதிபர் ஜூமாவுக்கு ஐந்து, எதிர்க்கட்சிக்காரர் மலேமாவுக்கு நாலு, அதிபர் ராமபோசாவுக்கு ஒன்றரை. காரணம்? "அந்தாளுக்கு மேசையைத் தட்டிப் பேசத் தெரியாது."

அடேயப்பா! தட்டினால் தலைவரா?

2024 தேர்தலில் ராமபோசா கட்சிக்கு 400 இடங்களில் 159தான். 30 வருடப் பெரும்பான்மை போச்சு. மனிதர் அதை ஒத்துக்கொண்டு, நேற்றுவரை திட்டியவர்களோடு உட்கார்ந்து பேசினார். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஜூன் 14 நடந்த நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அவருக்கு 283, மலேமாவுக்கு 44. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் முதலிடம் பிடித்த ஜூமா கட்சியோ மோசடி என்று சொல்லி, 58 உறுப்பினர்களையும் முதல் கூட்டத்துக்கே அனுப்பவில்லை. ஜனங்கள் காலி நாற்காலிக்கா ஓட்டுப் போட்டார்கள்?

2022 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி வந்தால் ஒருவர் டிரைவரைக் கிழி கிழியென்று கிழிப்பார். நாங்கள் கைதட்டுவோம், நானும்தான். எதிர்வீட்டு மாமா வாயே திறக்க மாட்டார். பள்ளிக்கூட நோட்டில் வீட்டு எண்களை எழுதி வைத்து, படுத்த படுக்கையாயிருந்த எங்கள் ஆயாவுக்கு முதல் வாளி என்பார். வரிசையில் அடிதடி வராமல் காத்தது அந்த நோட்டு. கைதட்டல் இல்லை. (மாமா தன் டிரம்மையும் சத்தமில்லாமல் நிரப்பிக்கொள்வார், அது வேறு.)

"ராமபோசாவின் பண்ணை வீட்டுச் சோபாவுக்குள் டாலர் இருந்ததே?" என்பீர்கள். இருந்தது. அவர் சொன்ன விளக்கம் எனக்கும் திருப்தியில்லை. சுரங்கத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற, அவர் பெயரும் அடிபட்ட மரிக்கானாவா? அதற்கு என்னிடம் பதில் இல்லை, விடுங்கள். ஆனால் "ஜூமா இருந்தால் ஒழுங்கு இருக்கும்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். 2021 ஜூலையில் அவர் சிறைக்குப் போனதும் கலவரம் வெடித்து ஊரே பற்றி எரிந்தது. இரண்டு மாகாணங்களில் 350 பேருக்கு மேல் செத்தார்கள். ராமபோசா தாமதமாகத்தான் வந்தார், ஒத்துக்கொள்கிறேன். வந்தும் மேசையைத் தட்டவில்லை, அதுதானே உங்கள் குறை?

இதெல்லாம்கூடப் போகட்டும். கை கழுவப் போகும்போது அண்ணன் சொன்னார்: "உனக்கென்ன, கடைக்காரங்களுக்கு அமைதியா ஒருத்தன் இருந்தா போதும்."

எங்கள் வீட்டில் எந்தக் கடை அண்ணா இருக்கிறது? அப்பா சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கினவர். கடை வைத்திருப்பது நீங்கள். அந்த ஜூலை ராத்திரிகளில் உங்கள் கேட்டுக்கு வெளியே விடிய விடிய நின்றது என் தம்பி. கேட்டைத் திறந்து ஒரு வாய் டீ கொடுக்கவில்லை நீங்கள்.