பொட்டக்குட்டியா? அப்ப வேண்டாம்

போன வாரம் காலைல அஞ்சே முக்கால் இருக்கும், களக்காட்டுல இருந்து வாழைத்தார் ஏத்திட்டு திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வந்துட்டு இருக்கேன், போன் அடிக்கி. எடுத்தா ஒரு அண்ணாச்சி. "தம்பி, நாய் புடிக்க ஆளு நீங்கதானா?" நாய் புடிக்க ஆளு இல்ல அண்ணாச்சி, சொல்லுங்கன்னேன். "எங்க தெரு பிள்ளையார் கோயில் நடையில எவனோ அட்டைப்பெட்டில குட்டியக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கான், கெடந்து கத்துது, வந்து தூக்கிட்டுப் போயிருங்க." எத்தனை குட்டின்னு கேட்டேன், பெட்டியத் தொறந்து பாக்கலையாம். லோடு எறக்கிட்டு வாரதுக்கு ஏழரை ஆயிரும், அதுவரைக்கும் வெயில் படாம உங்க தார்சாவுல, அதான் வராந்தாவுல, எடுத்து வைங்கன்னு சொன்னதுதான் தாமசம், "அதெல்லாம் நமக்கெதுக்குப்பா"ன்னு போன வச்சிட்டாரு.

ஏழே முக்காலுக்குப் போயிப் பாத்தேன். மிக்ஸி வந்த பெட்டி. உள்ள ஒரு பழைய பாவாடைத் துணி, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு, அஞ்சு குட்டி. கண்ணு தொறந்து ஒரு வாரம் இருக்கும், அப்படின்னா மூணு வாரக் குட்டி, பல்லே இப்பதான் எட்டிப் பாக்குது, அது பாக்கெட்டப் பிரிச்சு பிஸ்கட்டு திங்குமாம். போட்டவங்களுக்கும் மனசு உறுத்திருக்கு பாருங்க, அதுக்குத்தான் அந்த அஞ்சு ரூவா பாக்கெட்டு. ஒவ்வொண்ணாத் தூக்கித் திருப்பிப் பாத்தேன். அஞ்சும் பொட்டை.

எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. அந்தத் தாய் போட்டது அஞ்சா இருக்காது, ஏழோ எட்டோ இருக்கும், கடுவன் குட்டிய அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கிட்டுப் போயிருப்பாவ, மிச்சம் பெட்டிக்கு வந்துட்டு. அட்டைப்பெட்டில வார குட்டி எங்களுக்கு முக்கால்வாசி பொட்டையாத்தான் இருக்கு. இதப் பத்தித்தான் இன்னைக்கு எழுதணும்னு உக்காந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போவும், பொறுமை இருக்கவங்க வாசிங்க.

நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுதவன். எனக்கும் நாய்க்கும் பெருசா சம்பந்தம் கெடையாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ள ஏறி வந்துச்சே. தண்ணி வடிய வடிய அரிசி, தண்ணி கேன் எல்லாம் வண்டில ஏத்திட்டு கரையோரத் தெருவுக்கெல்லாம் போனோம். ஒரு வீட்டுப் பொறவாசல்ல ஒரு நாய் தொவைக்கிற கல்லு மேல நின்னுட்டு இருந்துச்சு. கழுத்துல சங்கிலி. ஆளுக உசிருக்குத் தப்பி ஓடுன அவசரத்துல அவுத்து விட மறந்துட்டாவ, நான் அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், தண்ணி வந்த வேகம் அப்படி. அந்தக் கல்லு மட்டும் ஒரு அடி கொறஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும். அவுத்து வண்டில ஏத்துனா என் சீட்டுல ஏறிப் படுத்துச்சு, எறங்கவே மாட்டேன்னுட்டு. ரெண்டு தெரு தள்ளி ஒரு டீச்சரக்கா இதே மாதிரி நாலு நாயத் தட்டட்டில (மொட்டைமாடில) வச்சு சோறு போட்டுட்டு இருந்தாவ. அங்க ஆரம்பிச்சது. இன்னைக்கு நாங்க ஒம்பது பேரு. அக்காவோட தார்சாதான் எங்க ஆபீஸ், என் வண்டிதான் ஆம்புலன்ஸ், மெடிக்கல் ஷாப் தம்பி ஒருத்தன் ட்ரிப் பாட்டில மாட்டக் கத்துக்கிட்டான், மிச்சம் காலேஜ் புள்ளைய.

வெளிய இருந்து பாக்கவங்க என்ன நெனைக்காவன்னா, நாயக் காப்பாத்துறதுன்னா குழிக்குள்ள எறங்கித் தூக்கதுதான்னு. அந்த வீடியோவுக்குத்தான் லைக்கு. அது அரை மணி நேர வேலைங்க. அதுக்குப் பெறவு மூணு மாசம் இருக்கு, அத எவனும் வீடியோ எடுக்க மாட்டான்.

அந்த அஞ்சு குட்டியவே எடுத்துக்கோங்க. மூணு வாரக் குட்டிக்குத் தானா ஒடம்பு சூடு நிக்காது, பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துணியச் சுத்திப் பக்கத்துல வைக்கணும், ஆறுனா மாத்தணும். பசும்பால் குடுத்தா வயித்தால போவும், செத்தும் போவலாம், அதுக்குன்னு உள்ள பால் பவுடர் வாங்கி நாலு மணி நேரத்துக்கு ஒருக்க, ராத்திரியும்தான். மூத்திரம் போறதுக்குக் கூட தாய் நக்கி விடணும், தாய் இல்லன்னா பஞ்ச வெந்நீர்ல முக்கி நாம தொடச்சு விடணும். டீச்சரக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு இதச் செஞ்சிட்டு காலைல எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போவாவ. இதெல்லாம் சமாளிச்சிறலாம். தாய்கிட்ட இருந்து பிரிச்ச குட்டிக்கு வேற ஒரு கேடு இருக்கு. கூடப் பொறந்ததக் கடிச்சு விளையாடும்போது பலமாக் கடிச்சா மத்தது கத்தும், தாய் உறுமும், அப்படித்தான் எவ்வளவு கடிக்கலாம்னு அதுக்குப் புரியும். அதுக்கு எட்டு வாரமாவது தாய்கூட இருக்கணும். தனியா வளர்ந்தது வெறுங்கையப் பாத்தா பல்லப் பதிக்கும், "இந்தச் சவம் கடிக்கி"ன்னு வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்து விடுவாவ. பெட்டில போட்டவங்க இன்னும் அஞ்சு வாரம் பொறுத்திருந்தா இதெல்லாம் இல்ல. அந்தத் தாய் எங்கனயோ மடி கட்டிக் கத்திட்டு அலையும், அத யாரு நெனைச்சா.

இன்னொண்ணு பார்வோ, குட்டிகளுக்கு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்துற வைரஸ் நோய். இதுல எங்க தப்பு இருக்கு, மறைக்கல. போன வருஷம் ரோட்டுல கெடந்த ஒரு குட்டியக் கொண்டாந்து மத்த குட்டிகளோடவே விட்டுட்டோம். ரெண்டாம் நாள் ரத்தமா வயித்தால போவுது, அந்த வாடை ஒருக்க மூக்குல ஏறிருச்சுன்னா மறக்காது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஏழுல ரெண்டுதான் பொழச்சுது. ஃபினாயில் ஊத்திக் கழுவிட்டோமேன்னு நெனச்சா அந்தக் கிருமிக்கு அது ஒண்ணும் பண்ணாதாம், ப்ளீச்சிங் பவுடர்தான் கேக்குமாம், மண்ணுல மாசக்கணக்குல கெடக்குமாம். இப்ப புதுசா எது வந்தாலும் ரெண்டு வாரம் தனியாத்தான். ஆறு வாரத்துல மொதத் தடுப்பூசி, மூணு மாசத்துல வெறிநாய் ஊசி, நோட்டுல எழுதி வச்சிருக்கோம்.

சரி, குட்டி பொழச்சு ஊசியும் போட்டாச்சு. போட்டோ எடுத்துப் போடுதோம். அம்பது போன் வரும். மொதக் கேள்வி: "கடுவனா?" பொட்டை அண்ணாச்சி. "அப்ப வேண்டாம்." சில பேரு "லேப்ரடார் இருக்கா, ராஜபாளையம் வந்தா சொல்லுங்க"ம்பாவ. ராஜபாளையம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2005ல தபால்தலையே போட்டாவ அந்த நாய்க்கு, நம்ம பக்கத்துப் பெருமை. நாங்குநேரி டோல்கேட் பக்கத்துல ஒண்ணு, நல்ல வெள்ளை, சுத்தமான ராஜபாளையம், நிறுத்தி இருக்க லாரிக்கு அடியில படுத்திருந்துச்சு. ஹாரன் அடிச்சாலும் அசையல. செத்துட்டுன்னு நெனச்சுக் காலத் தட்டுனா எந்திரிச்சு வாலாட்டுது. அந்த வெள்ளை நாய்ல சிலதுக்குப் பொறவியிலயே காது கேக்காது. பணம் குடுத்து வாங்குனவன் கூப்பிட்டுப் பாத்திருப்பான், வரலன்னதும் கொண்டாந்து நாலுவழிச்சாலைல விட்டுட்டான். அதுக்கு வீடு பாக்க ஏழு மாசம் ஆச்சு. இப்ப தரையில காலத் தட்டுனா அதிர்வு தெரிஞ்சு ஓடி வரும்.

பொட்டை ஏன் வேண்டாம்னா ஒரே பதில்தான், ஆறு மாசத்துக்கு ஒருக்க தெருவுல உள்ள கடுவன் பூரா வாசல்ல வந்து நிக்கும், குட்டி போட்டுத் தள்ளும். நெசந்தான். இல்லன்னு சொல்லல. சினை ரெண்டே மாசம், வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. ஆனா அதுக்குக் கருத்தடை ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கே. பண்ணிட்டா வாசல்ல எவனும் வந்து நிக்க மாட்டான். ஒரு வாரம் பத்து நாள் தையல நக்காம பாத்துக்கணும், பழைய பனியன மாட்டி விட்டாப் போதும், அவ்வளவுதான் விஷயம். செலவ நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னாலும், "பாவம்லா, ஒரு தடவையாவது குட்டி போடட்டும்"ங்காவ. அந்த ஒரு தடவைதாங்க அட்டைப்பெட்டி.

வீடு பாத்துக் குடுக்கதுல எனக்கே ஒரு அடி விழுந்திருக்கு. ஒரு கருப்புப் பொட்டக்குட்டி, கருப்பின்னுதான் பேரு. கேட்டவங்க வீடு பெரிய வீடு, கேட்டு, டைல்ஸ் போட்ட முத்தம், கார். நான் பாத்துட்டு வந்து சூப்பர் வீடுக்கான்னேன், அக்கா ஒருக்க உள்ள போயிப் பாத்தியான்னு கேட்டாவ, பாத்தேன்னு பொய் சொன்னேன். மூணு மாசம் போட்டோ கேட்டுக் கேட்டுப் பாத்தோம், அனுப்பல. ஒருநா சொல்லாமப் போயி நின்னோம். தட்டட்டில தண்ணி டேங்க்கு பக்கத்துல ரெண்டு அடிச் சங்கிலில கட்டிக் கெடக்கு, மே மாச வெயிலு, தண்ணிச் சட்டி காஞ்சிருக்கு. கழுத்துச் சங்கிலி சதைக்குள்ள எறங்கிப் புண்ணு, புண்ணுல புழு. ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல புழு ஆயிரும். யாரோ மண்ணெண்ணெய் ஊத்திருக்காவ, தோலு வெந்து போயிருந்துச்சு. தயவுசெஞ்சு அந்த வேலைய மட்டும் செய்யாதீங்க, டாக்டர்ட்ட கொண்டு போனா மருந்தப் போட்டு இடுக்கியால ஒண்ணொண்ணா எடுத்துருவாவ. அன்னைக்கு நான் உக்காந்து எண்ணுனேன், அறுபத்தி மூணுக்கு மேல எண்ண முடியல. அந்தக் கருப்பி என்னப் பாத்து வாலாட்டுச்சுங்க. அதுக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.

அதுக்குப் பெறவு டைல்ஸப் பாக்கது இல்ல. முக்கூடல் பக்கத்துல ஒரு ஆச்சி கருப்பியக் கேட்டு விட்டிருந்தாவ, ஒத்தை அறை வீடு, திண்ணைல மொறத்த மடில வச்சு பீடி சுத்திட்டு இருந்தாவ. பழைய நானா இருந்தா திரும்பிருப்பேன். பொட்டைதான் ஆச்சி, ஆபரேஷன் பண்ணியாச்சு, தையல் இன்னும் பிரிக்கலன்னேன். ஆச்சி தலையத் தூக்காமலே சொல்லுதாவ, "மூணாவது புள்ளைக்குப் பெறவு நான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில பண்ணிட்டு வந்து எட்டாம் நாளு இந்தத் திண்ணைல பீடி சுத்த உக்காந்துட்டேன், நாய்க்கு என்ன வந்துச்சு, விட்டுட்டுப் போ." கருப்பி இப்ப அங்கதான். மொறத்துக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, பீடி வாங்க வார ஏஜெண்ட்ட மட்டும் உள்ள விடாதாம்.

நாய் விரும்பிகளுக்கும் ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்க. தெனமும் பத்து நாய்க்குச் சோறு போடுதிய, நல்லது. அந்தப் பத்துல எத்தனைக்குக் காதுல வெட்டு இருக்கு? காதுல வெட்டுன்னா கருத்தடை ஆயிட்டுன்னு அடையாளம். வெட்டு இல்லாம சோறு மட்டும் போட்டா அடுத்த வருஷம் அது முப்பது. கடிபட்ட புள்ளையோட அப்பன்ட்ட போயி சட்டம் பேசாதீங்க, அவன் வலி அவனுக்கு. 15 நிமிஷம் ஓடுற தண்ணில சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க, சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்க விடாதீங்க, நீங்களே வண்டில ஏத்தி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஊசி போட்டுக் கூட்டியாங்க, மிச்ச ஊசிக்கும் தேதி தவறாம கூட்டிட்டுப் போங்க. வெறி நோய் வந்துட்டா மருந்து கெடையாது. எங்க ஒம்பது பேரும் முன்கூட்டியே போடுற ஊசி 3 டோஸ் போட்டுருக்கோம். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு, புடிச்ச நாய்க்குக் கருத்தடை, ஊசி போட்டு அதே எடத்துல விடணும், வெறி உள்ளத, கடிக்கிறத விடக் கூடாதுன்னு சொல்லிச்சு, நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி எடத்துல புடிச்சத அங்க திரும்ப விடக் கூடாதுன்னும் சொல்லிருக்கு. அப்ப அதெல்லாம் எங்க போவும்? எங்க தார்சாவுல ஏற்கெனவே பதினொண்ணு.

அதனால போன் பண்ணுதவங்கட்ட நான் இப்ப ஒண்ணுதான் கேக்கேன். "தூக்கிட்டுப் போங்க"ன்னு சொல்லாதீங்க. பத்து நாளு உங்க தார்சாவுல ஒரு மூலை குடுங்க. பால் பவுடர், மருந்து, டாக்டர், வண்டி எல்லாம் நாங்க வாரோம், பத்தாம் நாள் வேற எடம் பாக்கது எங்க பொறுப்பு. போன வருஷம் இப்படிப் பத்து நாளைக்குன்னு வச்சுக்கிட்ட நாலு வீட்டுல மூணு வீட்டுக்காரங்க திருப்பிக் குடுக்கவே இல்ல. ஒரு மைனி "நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க"ன்னு ஒன்றரை வருஷமாச் சொல்லிட்டு இருக்காவ.

பெட்டில வந்த அஞ்சுல ஒண்ணு மூணாம் நாள் போயிட்டு. நாலு நல்லா இருக்கு, ரெண்டு செவலை, ஒண்ணு கருப்பு, ஒண்ணு நெத்தில வெள்ளைப் பொட்டு. அடுத்த மாசம் மொத ஊசி. ஊசி போட்டு, எட்டு வார வயசு கழிஞ்சுதான் வெளிய குடுப்போம், வளந்ததும் ஆபரேஷனுக்கு நானே வண்டி கொண்டாருவேன், வாடகை கெடையாது. வேணுங்கறவங்க இன்பாக்ஸ்ல வாங்க. கடுவன் இருக்கான்னு கேட்டா மட்டும் பதில் போட மாட்டேன்.