கூலிக்கு வாசிச்சவர்

நேத்து அந்த ரீல்ஸுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. 'பி மை பேபி'ங்கிற பழைய அமெரிக்க பாப் பாட்டோட ஆரம்ப டிரம்ஸைப் போட்டுட்டு, தயாரிப்பாளர் பேரு, பாடினவங்க பேரு எல்லாம் எழுதியிருந்தாங்க. 'டிரம்ஸ் வாசிச்சது ஹால் பிளெய்ன்'னு ஒரே ஒரு வரி போட்டேன். மத்தவங்க ரெக்கார்டிங்குக்குப் போய் வாசிச்சுக் கொடுத்த அமெரிக்க டிரம்மர் அவர். உடனே ஒருத்தர், "கூலிக்கு வாசிச்சவர்தானே சார், எதுக்கு இந்த பில்டப்?"ன்னார். அந்தப் பதிலுக்கு ஹார்ட்டின் மழை வேற.

கூலிக்கு வாசிச்சவர்தான், யார் இல்லைன்னாங்க? மூணு மணி நேர ரெக்கார்டிங், இசைக்கலைஞர் சங்கம் வச்ச யூனியன் ரேட், முடிஞ்சா அடுத்த ஸ்டுடியோ. ஆனா 1963ல கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் அந்த அடி எப்படிப் பிறந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். நாலு தட்டுத் தாளத்துல ரெண்டாவது தட்டில் விழ வேண்டிய ஸ்நேர் டிரம் அடி தவறிடுச்சு. சரி, நாலாவதுல மட்டும் அடிப்போம்னு அதையே பாட்டு முழுக்கப் பிடிச்சுக்கிட்டார். 60 வருஷமா ஊரே காப்பியடிக்குது. இந்த மூளைக்கு எந்த யூனியன்ல ரேட் போட்டிருக்காங்க?

சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாடின 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்' பாட்டோட கடைசிப் பகுதியைக் கேளுங்க. அந்தக் கனமான சத்தத்துக்கு, பனியில வழுக்காம கார் டயருக்குச் சுத்துற சங்கிலியை எடுத்துட்டு வந்தவர் இந்தக் கூலிக்காரர்தான். வருஷத்தின் சிறந்த பதிவுன்னு கிராமி கொடுக்கிறாங்களே, 1966ல இருந்து 1971 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அதை வாங்கின பாட்டுகள்ல இவர் கை இருக்கு.

"மெட்டு போட்டவருக்குத்தானே பெருமை?" அவருக்கும் கொடுங்கப்பா, நான் என்ன புடுங்கிட்டா போறேன்? "நல்லா சம்பாதிச்சாரே?" சம்பாதிச்சார். விவாகரத்துல எல்லாம் போய், அரிசோனாவில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். அதையும் ரீல்ஸா போடுங்க.

பேர் போடுறது அவ்வளவு பெரிய விஷயமாங்கிறவங்களுக்கு: 1965ல 'மிஸ்டர் டாம்புரின் மேன்' வந்தப்போ அட்டையில அதைப் பாடின பேர்ட்ஸ் ராக் குழுவோட அஞ்சு பேர் படம். அவங்கள்ல அந்தப் பாட்டுக்கு வாத்தியம் வாசிச்சது ரோஜர் மெக்வின் ஒருத்தர்தான். டிரம்ஸ் நம்ம ஆளு. இவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வச்சிருந்தார். 'ஹால் பிளெய்ன் மறுபடியும் அடிச்சுட்டான்'னு நோட்ஸ் தாள்ல குத்திட்டுப் போவார். எல்லாரும் அதை ஜோக்குன்னு சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

எங்க சித்தப்பா ரெக்கார்டிங்ல காங்கோ டிரம் வாசிச்சவர். புது கேசட் வந்தா உள்ளே இருக்கிற அட்டையை விரிச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னும் பின்னும் படிப்பார். அப்புறம் பழையபடி மடிச்சு உள்ளே வச்சுடுவார். அவர் பொண்ணுக்கு வரன் பார்க்க வந்தவங்க, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, "அது சரி, வேலை என்ன பண்றீங்க?"ன்னாங்க. சித்தி காபி டம்ளரை எடுக்கிற சாக்குல உள்ளே போயிட்டாங்க.

டாக்டரும் கூலிக்குத்தான் ஆபரேஷன் பண்றார். அவர் பேரைத் தேடிப் பிடிச்சு, மூணு மாசம் காத்திருந்து போறீங்கல்ல? தாளம் போட்டவன்னா மட்டும் ஏன் இளப்பம்?

பிளெய்னுக்கு 2000ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ங்கிற அமெரிக்க கௌரவப் பட்டியல்ல இடம் கொடுத்தாங்க. 2018ல வாழ்நாள் சாதனைக்கு கிராமி. மறு வருஷம் 90 வயசுல போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு என் சிபாரிசு தேவையில்லை, தெரியும்.

'சித்தப்பா கதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், வயித்தெரிச்சலா?'ன்னு கமெண்ட் போட ஒருத்தர் இந்நேரம் டைப் பண்ணிக்கிட்டு இருப்பார். ஆமா சார், வயித்தெரிச்சல்தான். கேப்ஷன்ல அந்தப் பேரை முதல்ல சேருங்க.